பவலைக் கிட்ட நின்று பார்ப்பது எப்படி?

திருகோணமலையில் வளர்ந்த எங்கள் வயதுக்காரர் யாரிடமாவது பவல் கவச வாகனம் எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். உயரமாக இருக்கும், பச்சையாக இருக்கும், வந்தால் சைக்கிளை ஓரம் கட்ட வேண்டும். இவ்வளவுதான் சொல்வார்கள். சாரதி எந்தப் பக்கம் இருப்பார், உள்ளே இருப்பவர்கள் எந்தத் திசை பார்த்து இருப்பார்கள், வயிற்றுப் பக்கம் ஏன் தோணி மாதிரிக் கூர்ந்திருக்கிறது என்றால் பதில் வராது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. இருபது வருடம் நாளும் பொழுதும் கண்ட சாமான். ஆனால் சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நிற்கிறவன் வாகனத்தின் அச்சையா ஆராய்வான்?

யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, படையினர் வைத்த கண்காட்சி ஒன்றுக்கு அக்காவின் மகனைக் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்பது வயது. அவனுக்குப் பயம் இல்லை, கேள்விதான் இருந்தது. "மாமா, இதுக்குள்ள எப்பிடி ஏறுறது?" நான் முழித்தேன். அங்கே நின்ற இளம் சிப்பாய்தான் படியைக் காட்டினார். அன்றைக்கே முடிவெடுத்தேன், இனி எங்கே போனாலும் ஒழுங்காகப் பார்ப்பது என்று. அதற்குப் பிறகு பார்த்ததையும் கேட்டதையும் வைத்துத்தான் இதை எழுதுகிறேன், படை வாகனக் கண்காட்சிக்கு முதல் தடவை போகிறவர்களுக்காக.

முதலில் ஊரிலேயே கண்ணைப் பழக்குங்கள்

கண்காட்சி அன்று கூட்டம் இருக்கும், பிள்ளைகள் இழுப்பார்கள், ஒலிபெருக்கி அலறும். அந்த இரைச்சலுக்குள் புதிதாக எதையும் கற்க முடியாது. அதனால் முன்கூட்டியே ஆறுதலாகப் பழகிக்கொள்வது நல்லது. அதற்குத் திருகோணமலையை விட வசதியான ஊர் இல்லை.

பிரட்றிக் கோட்டையில் தொடங்கலாம். கோணேசர் கோவிலுக்குப் போகும்போது மான்களைப் பார்த்துக்கொண்டே கடந்துவிடுகிறோம். 1624இல் போர்த்துக்கேயர் கட்டி, 1639இல் ஒல்லாந்தர் பிடித்து, 1803இல் ஆங்கிலேயர் இப்போதைய பெயரை வைத்த கோட்டை அது. பழைய பீரங்கி ஒன்றைக் கண்டால் ஒரு நிமிடம் நில்லுங்கள். குழாயின் பின்பக்கம் ஏன் தடிப்பு அதிகம், பக்கத்தில் இரண்டு முளை ஏன் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று யோசியுங்கள். மருந்து வெடிப்பது பின்பக்கத்தில், அதனால்தான் அங்கே தடிப்பு. முளை இரண்டும் பீரங்கியை வண்டியில் தாங்க, வாயை மேலும் கீழும் அசைக்க. ஒரு இரும்பைப் பார்த்து 'இது ஏன் இப்படி?' என்று கேட்கிற பழக்கம் வந்துவிட்டால் மீதி எல்லாம் தானாக வரும்.

அடுத்தது உவர்மலை. அங்கே இராணுவத்தின் நூதனசாலை இருக்கிறது. யுத்த காலத்து ஆயுதங்களும் தளபாடங்களும் வைத்திருக்கிறார்கள். கடற்படைத் தளமான டொக்யார்டுக்குள், ஒஸ்ரன்பேர்க் முனையில் ஹூட்ஸ் டவர் கடற்படை நூதனசாலை. துறைமுகத்தைக் காத்த பெரிய பீரங்கிகளை அங்கே பார்க்கலாம். இரண்டுமே படையினரின் வளாகங்கள். நினைத்த நேரம் உள்ளே நுழைய முடியாது. வாயிலில் முதல் நாளே போய்க் கேட்டுவிட்டு வாருங்கள், அடையாள அட்டை கட்டாயம், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் உறவினர் கூட வருகிறார் என்றால் அதையும் முன்னரே சொல்லுங்கள். டொக்யார்ட் வீதியில் பழைய ஒல்லாந்தர் கட்டடத்தில் இருக்கும் கடல்சார் நூதனசாலைக்குப் போவது இவற்றை விடச் சுலபம். வாகனம் பார்க்க என்று இல்லாவிட்டாலும், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பான் விமானங்கள் இந்த ஊரில் குண்டு போட்ட கதையை மனதில் பதிக்க அது உதவும். அன்று சீனன்குடா விமானத் தளத்திலிருந்து ஹரிக்கேன் விமானங்கள் எழும்பிப் போனதும், ஹேர்மிஸ் என்ற ஆங்கிலேயரின் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியதும் அதே காலைதான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். உவர்மலைக்குப் போக எல்லோருக்கும் மனம் வராது. அங்கே இருக்கும் சாமான் சிலருக்குக் காட்சிப்பொருள் அல்ல. எழுதி வைத்திருக்கும் விளக்கமும் ஒரு பக்கத்தின் விளக்கம்தான். எங்கள் அம்மா "நீங்க போயிற்று வாங்கோ, நான் வரேல்லை" என்றார். நான் வற்புறுத்தவில்லை. வீட்டில் மூத்தவர்கள் இருந்தால் முதலில் கேளுங்கள். வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள். வருகிறேன் என்று சொல்லிவிட்டு அங்கே போய் வாசலிலேயே மௌனமாகிவிட்டால், அவரோடு வெளியே மரநிழலில் இருங்கள். வாகனத்தை இன்னொரு நாளும் பார்க்கலாம்.

போகும் நாளில்

காலையில் போங்கள். சொல்லத் தேவையில்லாத புத்திமதி மாதிரி இருக்கும், ஆனால் கச்சான் காற்று வீசும் மாதங்களில் பதினொரு மணிக்குப் பிறகு கவசத் தகட்டில் கை வைத்துப் பாருங்கள், அப்புறம் தெரியும். தோசைக்கல்தான். முழங்கையைச் சுட்டுக்கொண்ட அனுபவம் எனக்கு இருக்கிறது. மார்கழி மழையில் போனால் வேறு பிரச்சினை, மைதானம் சேறாகி வாகனத்துக்குக் கிட்டவே போக முடியாது.

உடுப்பு பருத்தியாக இருக்கட்டும். படையினரின் உடுப்பு மாதிரிப் புள்ளி போட்ட துணி, தொப்பி எதுவும் வேண்டாம். அது இந்த நாட்டில் வீண் தொல்லை. செருப்பை விடச் சப்பாத்து நல்லது, இரும்புப் படியில் ஏற வேண்டி வரும். பெண்கள் சேலையிலோ தாவணியிலோ போனால் முந்தானையைச் செருகிக்கொள்ளுங்கள், கொக்கிகள் அதிகம். தண்ணீர்ப் போத்தல், ஒரு பழந்துணி, சின்ன டோர்ச். இந்த டோர்ச் விசயம் யாரும் சொல்வதில்லை. வாகனத்தின் அடிப்பகுதியும் உட்புறமும் பட்டப்பகலிலும் இருட்டாகத்தான் இருக்கும். போன் வெளிச்சம் போதும் என்பீர்கள். போனை நீட்டினால் வீடியோ எடுக்கிறீர்கள் என்று நினைப்பார்கள்.

படம் எடுப்பது பற்றி ஒரே விதி: கேட்டுவிட்டு எடுங்கள். காட்சிக்கு வைத்த வாகனத்தை எடுக்க விடுவார்கள். அதே கமராவைத் திருப்பி வாயிலையோ காவற்கூண்டையோ எடுத்தால் படம் அழிபடும், நாளும் கெடும். ட்ரோன் என்ற பேச்சே வேண்டாம்.

மூன்று சுற்று

வாகனத்துக்கு முன்னால் நின்று ஒரு செல்பி, பிறகு அடுத்ததுக்கு ஓட்டம். பெரும்பாலானோர் அப்படித்தான். நான் மூன்று சுற்று வைத்திருக்கிறேன்.

முதல் சுற்று எட்ட நின்று. ஒரு பத்து மீற்றர் தள்ளி நின்று முழு உருவத்தையும் பாருங்கள். சில்லா, சங்கிலியா? எத்தனை சில்லு? எஞ்சின் முன்னாலா பின்னாலா? காற்று இழுக்கும் கம்பி வலையும் புகைக்குழாயும் எங்கே இருக்கின்றன என்று பார்த்தால் எஞ்சின் இருக்கும் இடம் தெரிந்துவிடும். ஆட்கள் எங்கே இருப்பார்கள், எப்படி ஏறுவார்கள், அவசரத்துக்கு எப்படி வெளியே பாய்வார்கள்? இந்தக் கடைசிக் கேள்விதான் வாகனத்தை வடிவமைத்தவனை இரவில் தூங்கவிடாமல் செய்திருக்கும்.

இரண்டாம் சுற்று கீழே. குந்தியிருந்து டோர்ச்சை அடியுங்கள். பவலின் இரகசியம் அங்கேதான். சாதாரண லொறியின் அடி தட்டையாக இருக்கும். கண்ணிவெடி வெடித்தால் அந்த வேகம் முழுவதும் நேராக மேலே போகும். தென்னாபிரிக்கர் யூனிமொக் லொறியின் அடிச்சட்டத்தை எடுத்து, ஆட்கள் இருக்கும் பெட்டியின் அடியை ஆங்கில 'வி' எழுத்துப் போலக் கூராக்கினார்கள். வெடிப்பின் வேகம் இரண்டு பக்கமும் வழிந்து போகும். தோணி தண்ணீரைக் கிழிப்பது போலத்தான். உயரமாக இருப்பதற்கும் அதே காரணம்: வெடிக்கும் இடத்துக்கும் ஆளுக்கும் இடையில் தூரம் வேண்டும். உள்ளே பத்துப் பேர், முதுகோடு முதுகு சாய்த்து இரண்டு வரிசை, முகம் வெளிப்பக்கம். சாரதி முன்னால் இடப்பக்கத்தில் தனிக்கூண்டில், அவருக்குப் பக்கத்தில் எஞ்சின். 1980களில் இங்கே வந்த இந்த வாகனத்தைப் பார்த்துத்தான் யூனிகோர்ன், யூனிபவல் என்று இலங்கையிலேயே பிறகு செய்தார்கள். நாங்கள் எல்லாவற்றையும் பவல் என்றே சொன்னோம். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தியிருந்தால் வித்தியாசத்தை நீங்களே தேடிப் பாருங்கள், நல்ல விளையாட்டு.

மூன்றாம் சுற்று கிட்ட, அங்குலம் அங்குலமாக. வெல்டிங் தையல், ஆணித்தலை, ரயரின் பல், பெயின்றின் மினுக்கம். பழைய வாகனம் நல்லாகத் திருத்தப்பட்டதா, விழாவுக்காகப் பூசி வைத்ததா என்பது இங்கேதான் பிடிபடும். படையினரின் பச்சை மினுங்காது. மினுங்கினால் வெளிச்சம் பட்டு எதிரிக்குத் தெரியும். புதுக் கார் மாதிரிப் பளபளத்தால் யாரோ அண்மையில் சந்தைப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள். கதவுக் கீல், பொனற் விளிம்பு, விளக்கின் பின்பக்கம் இந்த மூன்று இடத்திலும் பெயின்றுக்குக் கீழே கொப்புளம் கட்டியிருந்தால் துரு உள்ளே தின்றுகொண்டிருக்கிறது. எங்கள் ஊர் உப்புக் காற்றில் இது தப்பாது. உள்துறைமுகத்தில் உலகப் போர்க் காலத்திலிருந்து மூழ்கிக் கிடந்த சகாயிங் என்ற கப்பலைக் கடற்படையினர் 2018 மார்ச்சில் மிதக்க வைத்தார்கள். பழைய இரும்பை உப்பு என்ன செய்யும் என்று தெரிந்த ஆட்கள் இந்த ஊரில் குறைவில்லை.

எது எது?

எல்லா வாகனத்தையும் அறிந்து வைக்க முடியாது, தேவையும் இல்லை. இலங்கையில் கண்ணில் படக்கூடியவற்றில் சிலவற்றின் அடையாளம் மட்டும் சொல்கிறேன்.

ஆறு சில்லு, மேலே கோபுரம், 76 மில்லிமீற்றர் பீரங்கி, எஞ்சின் பின்னால்: அது சலடின். அதே ஆறு சில்லு, ஆனால் எஞ்சின் முன்மூக்கில், பின்னால் இரட்டைக் கதவு: சரசென், ஆள் ஏற்றுவது. இரண்டும் இங்கிலாந்தின் அல்விஸ் கம்பனி செய்தவை. நான்கு சில்லில் ஒரு சின்னக் கவச வண்டி, வளர்ந்த ஆள் உள்ளே முழங்காலை மடக்கித்தான் இருக்க முடியும் என்றால் அது டெய்ம்லரின் பெரற். அதன் ஸ்டியரிங்கைத் தவறாமல் எட்டிப் பாருங்கள், வழமைக்கு எதிர்ப்பக்கமாகச் சரிந்திருக்கும். கியரும் விசித்திரம். அடுத்து வேண்டிய கியரை முதலில் தெரிவு செய்து வைத்துவிட்டு, வேண்டிய நேரத்தில் மிதித்தால்தான் அது விழும். முன்னால் போக உள்ள ஐந்து கியரும் பின்னால் போகவும் உண்டு. உளவு பார்க்கப் போன வண்டி, மாட்டிக்கொண்டால் திரும்ப நேரம் இல்லை, வந்த வேகத்திலேயே பின்னால் ஓட வேண்டும்.

சங்கிலி போட்ட ரஷ்ய வகை யுத்தத் தாங்கி நின்றால் சில்லுகளை எண்ணுங்கள். ஒரு பக்கம் ஐந்து பெரிய சில்லு, முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் மட்டும் கொஞ்சம் அதிக இடைவெளி. ரி-55 குடும்பத்தின் கையெழுத்து அது. எடை ஏறத்தாழ 36 தொன்.

இனி ஜீப். இதில் கொஞ்ச நேரம் நிற்கப் போகிறேன், ஏனென்றால் இங்கேதான் அதிகம் ஏமாறுகிறோம். மூக்குத் தட்டையான எந்த ஜீப்பைக் கண்டாலும் "உலக யுத்தத்து ஜீப்" என்று சொல்லிவிடுகிறார்கள். பச்சை அடித்து வெள்ளை நட்சத்திரம் ஒன்றும் வரைந்துவிட்டால் சொந்தக்காரரே நம்பத் தொடங்கிவிடுவார். பிழை அவர் மேல் இல்லை, அவருக்கு விற்றவர் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

முன்விளக்குகளுக்கு நடுவில் உள்ள முன்வலையின் துவாரங்களை எண்ணுங்கள். யுத்த கால ஜீப்பை இரண்டு கம்பனிகள் செய்தன; வில்லிஸ் கம்பனியின் எம்பியிலும் போர்ட் கம்பனியின் ஜிபிடபிள்யூவிலும் ஒன்பது துவாரம். யுத்தத்துக்குப் பிறகு சாதாரண மக்களுக்கு விற்ற ஜீப்பில் ஏழு. ஒன்பது இல்லை, தகட்டுக்குப் பதிலாகக் கம்பிகளை வெல்டிங் செய்த வலை என்றால் அது இன்னும் ஆரம்ப காலத்தது, கண்டுபிடித்தவர் அதிர்ஷ்டசாலி. அடுத்து ஸ்டியரிங். யுத்த கால ஜீப்புக்கு இடப்பக்கம். வலப்பக்கம் இருந்தால் பிறகு மாற்றியிருக்க வேண்டும், அல்லது 1947 முதல் இந்தியாவில் மகிந்திரா கம்பனி பொருத்திய வகையாக இருக்கும். பின்பக்கம் போங்கள். யுத்த ஜீப்புக்குப் பின்கதவு இல்லை, உதிரிச் சில்லு அங்கேதான் தொங்கும். பெற்றோல் ஊற்றும் வாய் வெளியே பக்கவாட்டில் இருந்தால் அது பிந்தியது. யுத்த ஜீப்பில் சாரதியின் ஆசனத்துக்கு அடியில்தான் பெற்றோல் தாங்கி, மெத்தையைத் தூக்கித்தான் ஊற்ற வேண்டும். அதாவது சாரதி பெற்றோலுக்கு மேலேயே இருந்து யுத்தத்துக்குப் போனார்.

பொனற்றைத் திறந்து காட்டச் சொல்லிக் கேளுங்கள். முன்விளக்குகளைப் பின்பக்கமாக எஞ்சின் மீது திருப்ப முடிகிறதா? இரவில் திருத்த வேண்டி வந்தால் டோர்ச் பிடிக்க ஆள் தேவையில்லை. எனக்கு அந்த வண்டியில் மிகவும் பிடித்தது இதுதான். கடைசியாக, ஆணித்தலைகளைத் தேடுங்கள். போர்ட் கம்பனி தான் செய்த பாகங்களில் தன் பெயரின் முதல் எழுத்தைப் பொறித்திருக்கும். ஒரே வண்டியில் சில ஆணியில் எழுத்து இருக்கும், சிலதில் இராது. அது கள்ளம் அல்ல. இரண்டு கம்பனியும் ஒரே வரைபடத்தில் 6 இலட்சத்துக்கும் மேல் செய்தன, பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும். எழுபது எண்பது வருடத்தில் கராஜ் கராஜாக மாறியிருக்கும். கலப்பு ஜீப் என்று தெரிந்தவுடன் முகத்தைச் சுழிக்காதீர்கள். எங்கள் ஊரில் அதை ஓடவைத்த மெக்கானிக் பாஸ்மார் கையில் கிடைத்ததை வைத்துத்தான் ஓடவைத்தார்கள்.

வாயைத் திறந்து கேளுங்கள்

வாகனத்துக்குப் பக்கத்தில் நிற்கிறவர் காவலுக்கு நிற்கவில்லை, பெரும்பாலும் அதை ஓட்டுகிறவராகவோ திருத்துகிறவராகவோ இருப்பார். நாள் முழுக்க "இதில சுடலாமா?" என்ற ஒரே கேள்விக்குப் பதில் சொல்லிக் களைத்திருப்பார். "எதைத் திருத்தத்தான் கூடக் கஷ்டம்? எந்தச் சாமான் கிடைக்கிறதில்லை?" என்று கேட்டுப் பாருங்கள், முகம் மலரும். என்னிடம் ஒருவர் பிரேக் உருளையின் றப்பர் வளையம் பற்றி அரை மணித்தியாலம் பேசினார். எஞ்சினைக் கடைந்து எடுத்துவிடலாம், தகட்டை அடித்து எடுத்துவிடலாம், அந்தப் பழைய அளவு றப்பருக்குத்தான் அலைய வேண்டும் என்றார். அவருக்குத் தமிழ் கொஞ்சம், எனக்குச் சிங்களம் கொஞ்சம். பிஸ்டன், வால்வு, கியர் எல்லாம் இரண்டு மொழியிலும் ஒன்றுதானே, சமாளித்துவிட்டோம்.

ஏறலாமா என்று கேட்காமல் ஏறாதீர்கள். ஏறினால் மூன்று இடத்தில் பிடி இருக்கட்டும், கை இரண்டு கால் ஒன்று என்ற மாதிரி. மேல் மூடிகளுக்குக் கீழே விரலை வைக்க வேண்டாம். அவை எங்கள் வீட்டு யன்னல் அல்ல, விழுந்தால் விரல் மிஞ்சாது. நெம்புகோல் எதையும் இழுக்க வேண்டாம் என்று பிள்ளைக்கு வீட்டிலேயே சொல்லிக் கூட்டிப்போங்கள்.

சாரதியின் இடத்தில் இருக்க விட்டால், பார்வைத் துவாரத்தால் வெளியே பாருங்கள். மூடியை மூட அனுமதித்தால் இன்னும் நல்லது. நான் முதல் தடவை பார்த்தபோது தெரிந்தது கொஞ்சம் புல், ஒரு கயிறு, யாரோ ஒருவரின் இடுப்பு. மருமகன் முன்னால் நின்று கையை ஆட்டியிருக்கிறான், எனக்குத் தெரியவே இல்லை. சாவடியில் நின்ற காலத்தில் உள்ளே இருக்கிறவன் என்னை முழுதாகப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றுதான் நினைத்திருந்தேன்.

இதனால்தான் ஓட்டிக் காட்டும்போது கயிற்றுக்கு வெளியே நிற்கச் சொல்கிறார்கள். சாரதிக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். சங்கிலி வண்டி திரும்பும்போது ஒரு பக்கச் சங்கிலியைப் பிடித்து நிறுத்தித்தான் திரும்பும். முன்பக்கம் ஒரு திசைக்குப் போக, பின்பக்கம் மற்றத் திசைக்கு வீசும். அந்த வீச்சுப் பக்கத்தில் நிற்காதீர்கள். சின்னப் பிள்ளைகளின் காதைப் பொத்துங்கள். புகை போகும் பக்கம் பார்த்து, காற்று வீசி வரும் பக்கத்தில் நில்லுங்கள்.

லண்டனில் உறவினர் இருந்தால்

எங்கள் ஊரில் யாருக்குத்தான் இல்லை. கோடையில் போகக் கிடைத்தால் இங்கிலாந்தின் டோர்செற்றில் பொவிங்டன் என்ற ஊரில் உள்ள தாங்கி நூதனசாலையைக் கேட்டுப் பாருங்கள். அங்கே வருடந்தோறும் பழைய தாங்கிகளை ஓட்டிக் காட்டும் விழா உண்டு. 1943இல் துனீசியாவில் பிடிபட்ட ஜேர்மன் டைகர் ஒன்று, 131 என்ற இலக்கம் போட்டது, இன்றும் ஓடும் நிலையில் அங்கே இருக்கிறது. நுழைவுச்சீட்டை முன்கூட்டியே வாங்கச் சொல்லுங்கள். மச்சான்மார் "அதென்ன பழைய இரும்பு" என்பார்கள். மூன்று சுற்று முறையைச் சொல்லிக் கொடுங்கள்.

இன்னும் இரண்டு சின்ன விசயம். ஆர்வம் வந்த பிறகு காட்டோரத்திலோ கடற்கரையிலோ கிடக்கும் பழைய இரும்பு கண்ணை இழுக்கும். தொடாதீர்கள், உதைக்காதீர்கள், இடத்தைக் குறித்து வைத்துப் பொலிசுக்குச் சொல்லுங்கள். கிழக்கில் இது விளையாட்டு இல்லை. மற்றது, திரும்பும் வழியில் நேரம் இருந்தால் நிலாவெளி வீதியில் இருக்கும் யுத்தக் கல்லறைக்கு ஒரு பத்து நிமிடம் போய்வாருங்கள். இரண்டாம் உலகப் போரில் இறந்தவர்கள். கல்லில் வயதும் இருக்கும், வாசித்துப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கையில் கறுப்புக் கிரீஸ் இருக்கும். நேராகச் சவர்க்காரம் போட்டால் போகாது, பரவும். முதலில் தேங்காய் எண்ணெய் கொஞ்சம் விட்டுத் தேயுங்கள், பழந்துணியில் துடையுங்கள், அப்புறம் சவர்க்காரம். வெள்ளைச் சட்டையில் பட்டிருந்தால் அதற்கு எனக்கு வைத்தியம் தெரியாது, அக்காவிடம் இன்னும் ஏச்சு வாங்கிக்கொண்டிருக்கிறேன்.